கண் முகாமில் பாஸான மாப்பிள்ளை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நம்ம பேராலயத்து மணி இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு அடிக்காமல் போகட்டும். எப்படியும் அடிக்கத்தான் போகிறது, அது வேறு விஷயம்.

கண்ணாடி இல்லாவிட்டால் சந்தியாகுவுக்கு யானையும் பானையும் ஒன்று. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, பேராலயத்துக் கொடிமரத்துக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் அவன் பெண் பார்க்கப் போகவேண்டும். காலையில் அவன் அம்மா, "கண்ணாடியைக் கறை போகத் தேய்ச்சுக் குடுடா" என்று கூட்டாளி சூசையிடம் கொடுத்தாள். சூசை செங்கல்பொடி போட்டுத் தேய்த்தான். கறை போயிற்று, கண்ணாடியும் போயிற்று.

முந்நூறு வருஷத்துப் பேராலயம் இருக்கிற ஊர். ஞாயிற்றுக்கிழமையானால் அதைச் சுற்றி அன்னதானம் ஒரு பக்கம், ரத்ததானம் ஒரு பக்கம். எங்கேயோ இலவசக் கண்ணாடியும் கொடுக்கிறார்களாம். சூசை, தொம்மை, இன்னாசி மூவரும் சந்தியாகுவை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

மதில் முழுக்க நோட்டீஸ். தொம்மை படிக்கப் போனான்; இன்னாசி அவன் கண்ணைப் பொத்தினான்.

"டேய், இது கண்ணு தெரியாதவங்களுக்கு ஒட்டினது. நல்ல கண்ணை வச்சுக்கிட்டு நீ படிச்சா, ஏழை சொத்தைத் திருடினதுக்குச் சமம்."

"பாவம்தான். அண்ணே, நீங்களே படிங்க" என்று தொம்மை சந்தியாகுவை முன்னால் தள்ளினான்.

சந்தியாகு மதிலில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே போனான். "எழுத்து தெரியலடா. ஆனா இங்க பசை வாசனை புதுசா இருக்கு. இன்னிக்கு நோட்டீஸ் இதுதான்."

நால்வரும் அதன் முன்னால் பயபக்தியோடு வரிசையில் நின்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து மெழுகுவத்தி விற்கிற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, காணாமப்போன ஆட்டு நோட்டீஸுக்கு என்ன க்யூ?"

"கண்ணு முகாம்மா."

"நாசமாப் போச்சு! அது பின்னால பந்தல்லப்பா!"

பந்தலில் டாக்டரம்மா எழுத்துப் பலகையைக் காட்டி, "படிங்க" என்றார். சந்தியாகுவுக்கு வியர்த்துவிட்டது. இது பரீட்சை என்று மற்ற மூவருக்கும் புரிந்துபோயிற்று, நண்பனைக் கைவிடுவார்களா? சூசை இருமுகிற மாதிரி "ட" என்றான். தொம்மை தும்முகிற மாதிரி "ப" என்றான். இன்னாசி கொட்டாவியிலேயே ஒரு வரி முழுக்கச் சொன்னான். சந்தியாகு கடைசிப் பொடி எழுத்துவரை ஒப்பித்துவிட்டான்.

"கழுகுக் கண்ணுங்க உங்களுக்கு. கண்ணாடியே வேண்டாம்!"

"பாஸ்!" என்று மூவரும் அவனைத் தூக்கி வைத்து ஆடினார்கள்.

அடுத்து அவர்கள் முறை. "சொன்ன விடையையே திரும்பச் சொன்னா காப்பி அடிக்கிறதுடா" என்றான் இன்னாசி. மூன்று யோக்கியர்களும் வாயே திறக்கவில்லை. டாக்டரம்மா பரிதாபப்பட்டு ஆளுக்கொரு தடிக் கண்ணாடி மாட்டி அனுப்பினார். அவர்களுக்கு உலகமே ரெண்டு ரெண்டாகத் தெரிந்தது.

"அண்ணே, கண்ணுல நீங்கதான் முதல் மார்க். முன்னால நடங்க."

சரியாக நாலு மணிக்குச் சந்தியாகு தாம்பூலத் தட்டைக் கொடிமரத்தடியில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"பொண்ணு கொஞ்சம் உசரம்தான். ஏம்மா, என்னைப் பிடிச்சிருக்கா?"



"வெக்கம்ணே" என்றான் சூசை.

"பக்கத்துல தங்கச்சி நிக்குது பாருங்க, அச்சு அசல் அக்காவேதான்!" என்றான் இன்னாசி. "தொம்மைக்கு முடிச்சிடலாம்."

வாசலில் காத்திருந்த பெண் வீட்டார், யாரோ நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள் என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

நால்வரும் நேரே ஜவுளிக்கடைக்குப் போனார்கள்.

"கூறைப்புடவை ரெண்டு எடுங்க" என்றான் சந்தியாகு. "நாப்பது முழ உசரத்துக்கு வரணும். சுத்தளவு ரெண்டு சாண் போதும். ரெண்டும் ஒல்லிப் பொண்ணுங்க."