ஆளில்லாத இலைகள்

ஊர் பேரெல்லாம் கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார், அது போதும். அவர் ஊரைக் கொள்ளைநோய் ஆறு மாதமாக ஆட்டிப் படைத்தது. மந்திரி திருமேனிநாதர் இடுகாட்டு ஏட்டைப் பிரித்து, "மாண்டவர் நாற்பத்தேழு பேர், பிரபு" என்று வாசித்தார். அரண்மனை வைத்தியர் பார்த்துச் செத்தவர் பெயர் மட்டும்தான் அந்த ஏட்டில் ஏறும். ஆற்று மணலில் புதைத்தவர்களை யார் எழுதினார்கள்?

விகடகவி சடையாண்டிக்கு இது தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருந்ததா? "நாற்பத்தேழுதானா? என் வேடிக்கையைக் கேட்டுச் சிரித்தே செத்தவர்கள் அதைவிட அதிகம், பிரபு" என்றான். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த கையோடு, "அவ்வளவு குறைவென்றால் நோய் ஒழிந்த மாதிரிதான். கஞ்சித்தொட்டிகளை நாளையோடு மூடுங்கள். ஊருக்கே விருந்து வைப்போம்" என்று சொல்லிவிட்டார்.

சடையாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டான். நோயில் கிடப்பவர்கள் அந்தக் கஞ்சியில்தான் உயிர் பிடித்திருந்தார்கள். பாழாய்ப்போன நாக்கு.

அவனைக் கண்டாலே மந்திரிக்கு ஆகாது. "விருந்தை விகடகவியே நடத்தட்டும். உயிரோடிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நூறு கசையடி" என்று மாட்டிவிட்டார்.

சடையாண்டி போன வருஷத்துத் தலைக்கணக்கை எடுத்தான், நாற்பத்தேழைக் கழித்தான், மிச்சத்துக்கு ராஜவீதி நெடுக இலை போட்டான். நோயாளிகளின் இலைக்கு அவரவர் வீட்டார் பாத்திரத்தோடு உட்கார்ந்தார்கள். அப்படியும் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு இலைகளுக்கு ஆளில்லை.

பந்தி நிறையாமல் ராஜா கை நனைப்பது அந்த ஊர் வழக்கமில்லை. சோறு ஆறியது. "இவர்களெல்லாம் எங்கே?" என்றார் பசியோடு.

"மந்திரியார் ஏட்டின்படி உயிரோடுதான் இருக்கிறார்கள், பிரபு. அவர்தான் கூப்பிட வேண்டும்" என்றான் சடையாண்டி.

மந்திரி ஏட்டைப் புரட்டினார். பந்தியில் ஒருத்தி பக்கத்து இலைகளைக் காட்டி, "இது எம் புருசனுக்குங்க. அந்த ரெண்டும் எம் புள்ளைங்களுக்கு. ஆத்து மணல்ல கெடக்காங்க" என்றாள். அவளுக்கு அடுத்தவரும் சொன்னார். பிறகு பந்தி நெடுக அதே பேச்சுதான்.

ராஜா எழுந்தார். சோற்று வாளியை வாங்கி, ஆளில்லாத இலை ஒவ்வொன்றுக்கும் படையல் போடுவதுபோல் தானே பரிமாறினார். முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கஞ்சித்தொட்டிகளை மூடக்கூடாது என்றார். இடுகாட்டு ஏட்டை மந்திரியிடமிருந்து வாங்கிச் சடையாண்டி கையில் கொடுத்து, தன் முத்துமாலையையும் அவன் கழுத்தில் போட்டார்.

"கெட்டிக்காரன்தானடா நீ."

"கெட்டிக்காரனாக இருந்தால் அன்றைக்கு அந்த வேடிக்கையைச் சொல்லியிருப்பேனா, பிரபு?"

ராஜா சிரிக்கவில்லை. உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டார். விருந்து இலையைத் தன் பக்கமாக மடிப்பார்கள். அவரோ சாவு வீட்டில் மடிப்பதுபோல் எதிர்ப்பக்கமாக மடித்தார். பந்தி முழுவதும் அப்படியே மடித்துவிட்டு எழுந்தது.