கழிவெளியில் கூடிய ஓர் எழுத்து

ஓர் எழுத்து கூடிப்போனதால் கெட்ட ஊரின் கதை இது. தீர்ப்பு உங்களுடையது, அவசரப்படாமல் கேளுங்கள்.

முகத்துறை என்ற ஊருக்குத் தெற்கே, ஆற்று வெள்ளத்தை வாங்கி, நாணலில் வடிகட்டி, மெல்லக் கடலுக்கு விடும் சதுப்பு ஒன்று உண்டு. பழைய பதிவேட்டில் அதன் பெயர் கழிவெளி. கழி என்றால் உப்பங்கழி. முப்பது ஆண்டுகளுக்கு முன் பேரூராட்சி அலுவலகத்தில் பதிவேட்டைப் புதிதாகத் தட்டச்சு செய்தவர், எழுத்து விடுபட்டதாக எண்ணி அதைக் ‘கழிவு வெளி’ என்று திருத்திவிட்டார். கழிவு வெளி என்றால் குப்பை கொட்டத்தானே? மறுமாதமே பேரூராட்சி லாரிகள் வந்தன.

கரையோரம் இருந்த பதினொரு குடும்பங்கள் நாற்றம் தாளாமல் வடக்கே காலனிக்குப் போயின. இருசம்மாளும் கணவனும் மட்டும் போகவில்லை. ஆற்று வெள்ளம் சதுப்புக்குள் நுழையும் வாய் அவள் வீட்டுப் படியோரம்தான். போனவர்கள் சில ஆண்டுகள் பொங்கலுக்கு வந்தார்கள். பிறகு அதுவும் நின்றது. கணவன் இறந்த பின்னும், உலைக்குக் கைப்பழக்கமாக இருவருக்கு அரிசி அள்ளிவிட்டு, ஒரு பிடியைத் திரும்ப அரிசிப் பானையில் போடுவாள்.

சென்ற ஐப்பசியில் குப்பைமேடு வழிமறிக்க, வெள்ளம் காலனிக்குள் புகுந்தது. குடிநீர்க் கிணறுகளும் கெட்டன. சதுப்பை மீட்க அரசின் கடன் நிதியம் குறைந்த வட்டியில் கடன் தர முன்வந்தது. ஒரே நிபந்தனை: நிலம் பதிவேட்டில் கழிவெளியாக இருக்க வேண்டும். பெயரைத் திருத்துவதற்கு, பிழை நேர்வதற்கு முன்பிருந்தே அங்கு வாழ்பவர் எல்லை காட்டிக் கையெழுத்திட வேண்டும். அப்படி ஒருத்திதான் இருந்தாள்.

பேரூராட்சிச் செயல் அலுவலர் மெர்லின் வந்து ஊரின் நன்மையை விரிவாகச் சொன்னார். பெயர் திருந்தினால் எல்லைக்குள் எந்த வீடும் நிற்க முடியாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் நில அளவர் சவரிமுத்து, மெர்லின் ஜீப்புக்குத் திரும்பிய பிறகு.

“எல்லைக் கோட்டைக் கொஞ்சம் வளைச்சுப் போட்டுடறேன்க்கா, உன் சுவரு ஓரமா. யாருக்குத் தெரியப்போவுது?”

இருசம்மாள் காலனிப் பக்கம் பார்த்தாள்.

“நாத்தம்னு அவங்க இங்க வர்றதில்ல தம்பி. தண்ணி மட்டும் அவங்களப் போய்ப் பாத்துட்டு வருது. நேராவே போடு.”

தன் அடுப்படியைத் தாண்டி எல்லைக்கல்லுக்கு இடம் காட்டினாள். கையெழுத்தும் போட்டாள்.

உண்மையை மறைத்துக் கடனுக்கு வழிசெய்த மெர்லின், கோட்டை வளைத்து வீட்டைக் காக்க நினைத்த சவரிமுத்து, தெரிந்தே வீட்டை விட்டுக்கொடுத்த இருசம்மாள்: இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: சவரிமுத்துவின் இரக்கம் மெய்யானது. ஆனால் அந்த வீட்டை விலக்கினால் படியோரத்து வாயும் எல்லைக்கு வெளியே போய்விடும்; அதை அடைத்த குப்பையை அள்ள முடியாது. வெள்ளம் நுழைய வழியில்லாத சதுப்பை மீட்டு என்ன பயன்? மெர்லின் ஊரைக் காத்தார். ஒருத்தியை ஏமாற்றிக் காத்தார். சரியாகச் செய்தவள் இருசம்மாள். இதில் ஊர் பெருமைப்பட ஒன்றுமில்லை. கடன் விண்ணப்பத்தில் நாணல் நட ஒரு வரி, குப்பை அள்ள ஒரு வரி, கிணறுகளுக்கு ஒரு வரி இருக்கிறது. இருசம்மாள் எங்கே போவாள் என்பதற்கு வரி இல்லை. விண்ணப்பம் வெள்ளிக்கிழமைதான் போகிறது. ஓர் எழுத்தைச் சேர்க்கத் தெரிந்த அலுவலகத்துக்கு ஒரு வரியைச் சேர்க்கத் தெரியாதா?