பேச்சித்தாயின் குறை

மிளகாய் மண்டி சிங்காரவேலு அண்ணாச்சி தன் நிழலையே நம்பாதவர். எடை போடும் வேலை கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "உன்கிட்ட என்ன குறை?" என்று கேட்டார். தூக்கம் அதிகம் என்றவனை அனுப்பினார். குறையே இல்லை என்றவனைப் பொய்யன் என்று விரட்டினார். மூட்டைகளோடு காத்திருந்த விவசாயிகள் வேடிக்கை பார்த்தார்கள்.

அடுத்து வந்த பேச்சித்தாய்க்கு இந்த வேலையும் இல்லையென்றால் அடுப்பு எரியாது.

"எதைப் பாத்தாலும் அடியில என்ன இருக்குன்னு திருப்பிப் பாத்துருவேன், அண்ணாச்சி. போன மண்டியில அதனாலதான் நிப்பாட்டிட்டாங்க."

அண்ணாச்சி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "அந்த மண்டிக்காரன் முட்டாப்பய. சந்தேகப்படுற ஆளுதான் எனக்கு வேணும். இன்னிக்கே சேந்துக்க."

பேச்சித்தாய் நேரே தராசுக்குப் போய், படிக்கல் வைக்கிற தட்டைத் திருப்பினாள். அடியில் புளி உருண்டை ஒட்டியிருந்தது. அதன் கனத்துக்கும் சேர்த்துத்தான் விவசாயிகள் இத்தனை நாளும் மிளகாய் கொட்டியிருந்தார்கள்.

"இனி இந்தப் பொண்ணு எடை போட்டாத்தான் மூட்டை இறங்கும்" என்றார் ஒரு பெரியவர்.



"போன மண்டியிலயும் இதேதான், அண்ணாச்சி," என்றாள் பேச்சித்தாய், புளியைச் சுரண்டிக்கொண்டே. "ஆனா அங்க உருண்டை இம்புட்டுப் பெருசு இல்ல."