லெமோனியா சுட்ட இருநூறு ரொட்டி

ஒரு கடல்ல ஒரு குட்டித் தீவு, கிரீஸ் தேசத்துல. நீ "ம்" சொன்னாத்தான் கதை நகரும்.

"ம்."

வெயில் காலத்துல அந்தத் தீவுல கால் வைக்க இடமிருக்காது. தினமும் கப்பல் வரும். பாஆஆம்னு ஊதும். கடகடன்னு பெட்டியை உருட்டிக்கிட்டு சுத்திப் பாக்க வந்தவங்க இறங்குவாங்க. அந்தச் சத்தம் கேட்டதும் ரொட்டிக்கடை லெமோனியா மாவு பிசைய ஆரம்பிச்சிடுவா. இருநூறு ரொட்டி.

அப்புறம் குளிர்காத்து வரும். வந்தவங்க எல்லாரும் போயிடுவாங்க. கடைக்காரங்க நாற்காலியை அடுக்கிட்டுக் கதவைச் சாத்திடுவாங்க. மிச்சம் முப்பத்தொரு பேரும் பூனைங்களும்தான். கப்பலும் வாரத்துக்கு ஒண்ணுதான்.

"ம்."

ஒரு வருஷம், குளிர்காலத்து முதல் கப்பல் பாஆஆம்னு ஊதுச்சு. லெமோனியா பழக்க தோஷத்துல, கடையில இருந்த மாவையெல்லாம் கொட்டி, தொம் தொம்னு பிசைஞ்சு, இருநூறு ரொட்டி சுட்டுட்டா. கப்பல்லேர்ந்து இறங்கினது ஒரே ஒருத்தர். பல் டாக்டர்.

மீன் பிடிக்கிற ஸ்டமாட்டி கடைக்குள்ள எட்டிப் பாத்தார். "என்ன லெமோனியா, மீனுக்கெல்லாம் விருந்தா?"

"சிரிக்காதீங்க அண்ணே. மாவு தீந்துபோச்சு. இனிமே அடுத்த கப்பல்லதான் வரணும்."

"அதுக்குள்ள இது பூசணம் பிடிச்சிடுமே. அப்புறம் சாப்பாட்டுக்கு?"

லெமோனியா கத்தியை எடுத்தா. சரக் சரக்னு எல்லா ரொட்டியையும் வில்லை போட்டா. மறுபடி அடுப்புல வெச்சுக் காய வெச்சா.

"ரஸ்க் மாதிரியா அத்தை?"

ஆமா. அதைவிடக் கெட்டி. அதை வெச்சு டக் டக்னு கதவைத் தட்டலாம்.

அடுத்த வாரம் கப்பல் கிட்ட வந்துச்சு. ஊஊன்னு காத்து. நிக்க முடியாம திரும்பிடுச்சு. அதுக்கடுத்த வாரம் கண்ணுலயே படலை. மூணாவது வாரம் தூரத்துல ஊதுச்சு, எல்லாரும் ஓடினாங்க. அலை எம்பி எம்பி அடிச்சுது. அதுவும் திரும்பிப் போயிடுச்சு.

"ஐயோ."

பயப்படாதே. தினமும் மத்தியானம் எல்லாரும் ரொட்டிக்கடையில கூடுவாங்க. ஸ்டமாட்டியோட மீன் சூப்ல அந்த ரொட்டியை முக்கி முக்கித் தின்னாங்க. ஊருக்குப் போக முடியாத டாக்டர் மட்டும் புலம்பினார்.

"இதைக் கடிச்சா பல்லு போயிடும்."

"அதுக்குத்தான் உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கோம்"னார் ஸ்டமாட்டி.

நாலாவது வாரம் காத்து அடங்கிச்சு. கப்பல்லேர்ந்து மாவு மூட்டை இறங்கிச்சு. அப்போ டப்பாவுல மிச்சம் ஏழே ஏழு துண்டு.

"...ம்."

மறு வருஷம் குளிர்காலத்து முதல் கப்பல் பாஆஆம்னு ஊதுச்சு. ஸ்டமாட்டி எட்டிப் பாத்தார்.

"என்ன லெமோனியா, தப்புப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் அண்ணே. இருநூறு."

அவர் இடுப்புலேர்ந்து தன்னோட கத்தியை எடுத்தார். பக்கத்துல உக்காந்து, சரக் சரக்னு வில்லை போட ஆரம்பிச்சார்.

கப்பலும் போயாச்சு, கதையும் கரை சேந்தாச்சு. "ம்" கூட வரலையே... தூங்கு, தூங்கு.