பதினோரு புத்தகம் சொல்லுது

"இருபது வருஷமா பாடம் நடத்துறவனை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோட உட்காரச் சொல்றீங்களே மேடம், இது நியாயமா?"

வரலாற்றுப் பேராசிரியர் தேவசகாயம் நூலக மேசையில் படிவத்தை வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அடித்தார்.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். அதற்கு நூலகரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வேண்டுமென்றால், தகவலைச் சரிபார்ப்பது எப்படி என்ற மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்லூரியின் புது விதி.

நூலகர் நபீசாவுக்கு வயது இருபத்தொன்பது.

"வகுப்பு வேண்டாம் சார். ஆய்வேட்டுல ரொம்ப உறுதியான வரி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சரிபார்த்துட்டுக் கையெழுத்து போட்டுடறேன்."

தேவசகாயம் சிரித்துவிட்டார். யோசிக்கவே இல்லை.

"எழுபத்தேழு வெள்ளத்துல பெருமணிக் குளம் உடைஞ்சு பத்தொன்பது பேர் செத்தாங்க. மடைக் காவல்காரர் வெயிலுமுத்து குடிச்சுட்டுத் தூங்கிட்டார், மடையைத் திறக்கல. பதினோரு புத்தகம் சொல்லுது."

"பதினோரு பேரும் பார்த்தாங்களா சார்?"

"பார்க்கணுமா? தப்பு செய்யாதவன் எதுக்குக் குடும்பத்தோட ஊரைக் காலி பண்ணிட்டுப் போறான்? அதையும் எழுதியிருக்கேன்."

நபீசா காலியாகக் கிடந்த நீள மேசையைக் காட்டினார்.

தேவசகாயம் பதினோரு புத்தகங்களையும் எடுத்து வந்து பரப்பினார். கல்யாணப் பந்தியில் இலை போடுகிறவரின் உற்சாகம் அவருக்கு.

நபீசா முதல் புத்தகத்தைத் தொட்டார். "இவர் எங்கிருந்து எடுத்தார்?"

அடிக்குறிப்பு நாலாவது புத்தகத்தைக் காட்டியது. அதன்மேல் இதை வைத்தார்.

"இவர்?"

அது ஏழாவதைக் காட்டியது.

மதியத்துக்குள் மேசையில் ஒரே அடுக்குதான் மிஞ்சியது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒல்லியாக ஒரு வட்டார வரலாறு.

"இவர் எங்கிருந்து எடுத்தார் சார்?"

தேவசகாயம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். அது இந்தக் கல்லூரியின் ஆண்டு மலர், ஏப்ரல் 2000.

"அட, நம்ம மலர்!" என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

நபீசா உள்ளறைக்குப் போய்த் தூசி தட்டி அதைக் கொண்டுவந்தார். பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார்.

கட்டுரைக்கு மேலே புகைப்படம். அரும்பு மீசை. கீழே பெயர்: தே. தேவசகாயம், மூன்றாம் ஆண்டு வரலாறு.

அவர் விரல் கட்டுரை வரிகளில் இறங்கியது.

அதே வரி. 'காவல்காரர் வெயிலுமுத்து மது மயக்கத்தில் உறங்கினார்.' அதற்கு அடிக்குறிப்பு இல்லை.

"இவர் எங்கிருந்து எடுத்தார் சார்?"

நபீசாவின் குரலில் கேலி இல்லை. பதினோரு புத்தகங்களுக்கும் கேட்ட அதே கேள்வி, அதே குரல்.

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றினார்.

"கட்டுரை சப்புனு இருக்குன்னாங்க. பழைய கூலிப் பட்டியல்ல மடைக் காவல்னு அந்தப் பேர் இருந்துச்சு. குடிச்சிருப்பார்னு... நானா எழுதினேன் மேடம். அந்த ஊர்ப் பையன்கள் ரெண்டு பேர் எங்க வகுப்பு. மலரை ஊருக்குக் கொண்டுபோய்ப் படிச்சுக் காட்டினாங்க. அப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம்."

நபீசா மலரை மூடினார்.

"அவங்க குடும்பம் எப்ப சார் ஊரைக் காலி பண்ணாங்க?"

இதற்கு அவரிடம் அசைக்க முடியாத ஆதாரம் இருந்தது. ஊர்ப் பள்ளிக்கே போய்ப் பதிவேட்டைப் பார்த்தவர் அவர். ஆய்வேட்டை விரித்து, விரல் வைத்து, வகுப்பில் படிப்பது மாதிரியே படித்தார்.

"வெயிலுமுத்துவின் பேரன். மாற்றுச் சான்றிதழ் பெற்ற நாள், ஐந்து ஜூன், இரண்டாயிர..."

குரல் நின்றது.

வெள்ளத்துக்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம், அந்த மலர் வெளிவரும் வரை, அந்த மனிதர் அதே ஊரில்தான் இருந்திருக்கிறார்.

தேவசகாயம் நாற்காலியில் உட்கார்ந்தார். படிவத்தை இரண்டாக மடித்தார். பிறகு நான்காக.

"மேடம்," என்றார். "அவங்க எங்க போனாங்கன்னு எந்தப் புத்தகத்துல இருக்கும்?"