யானையை மண்டியிட வைத்த பாரம்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை உதிர்ந்து என் சோற்றிலேயே விழட்டும்!

வெகுகாலத்துக்கு முன்னே, யானைகள் வாய் திறந்து பேசிய நாளில், கொன்றையூரை மாவலிராயன் ஆண்டான். அவன் ஒரே மகள் தும்பை. மரமேறுவாள், மந்திரியின் தலைப்பாகையை ஒளித்து வைப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு மழைக்காலத்தோடு விளையாட்டை விட்டாள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள்.

"சிரி, கண்ணு!" என்று கோமாளிகளைக் கூட்டி வந்தான் ராஜா. "சிரி!" என்று வேப்பிலை அடித்தார் பூசாரி. "உனக்கென்ன குறை? சோம்பேறித்தனத்தை விடு, சிரி!" என்றது அரண்மனை. பிள்ளை இன்னும் சுருண்டாள்.

வசந்த விழா வந்தது. வழக்கப்படி அரசப்பிள்ளையைப் பட்டத்து யானை மலைக்கன்னிமேல் ஏற்றினார்கள். கோட்டை வாசல் தாண்டவில்லை, யானை பொத்தென்று மண்டியிட்டது.

"என்னடி, தின்ன கரும்பு போதலையா?" என்று அதட்டினான் பாகன்.

"போடா! கோயில் தூணையே சுமந்தவ நான். பிள்ளை பஞ்சு. அவ தோள்ல பூதம் ஒண்ணு குந்தியிருக்கு, உங்க கண்ணுக்குத் தெரியாது. நீங்க சொல்ற ஒவ்வொரு 'சிரி'யும் அதுக்கு ஒரு கவளம். ராஜா, நீங்கதான் வாரி வாரி ஊட்டினீங்க!"

ராஜா மகளைக் கீழே இறக்கினான். ஊரே பார்க்கப் புழுதியில் உட்கார்ந்தான். "கனக்குதா, தாயீ?"

"ரொம்பக் கனக்குதுப்பா. நான் சோம்பேறி இல்லப்பா."

அதைக் கேட்டதும் பூதம் முதல்முறையாக முனகியது.

மலைக்கு அப்பால், பிள்ளைகளின் மனநோய் பார்க்கும் மருதி வைத்தியரிடம் யானை வழிகாட்டியது.

"என்ன மந்திரம் போடுவீங்க?" என்றான் ராஜா.

"மந்திரமா? காய்ச்சல் மாதிரி இதுவும் நோய்தான், மகாராஜா. அவ பேசணும், நான் கேட்கணும். தேவைப்பட்டா மருந்து. நாளாகும். நீங்க 'சிரி'ன்னு சொல்லாம இருக்கணும்."

"அவ்வளவுதானா?"

"உங்களுக்கு அதுதான் கஷ்டம்."

கஷ்டம்தான்! நாக்கைக் கடித்துக்கொண்டே வாராவாரம் மகளோடு மலையேறினான். பூதம் எருமையளவு ஆனது, ஆட்டளவு ஆனது, சில நாள் மறுபடி உப்பியது. கடைசியில் நனைந்த பூனையாகி இறங்கி ஓடிப்போனது.

மறு வசந்தத்தில் மலைக்கன்னி குதித்துக்கொண்டு நடந்தது. மேலே தும்பை, அவள் மடியில் மந்திரியின் தலைப்பாகை! "எனக்குப் பெருமை அவ யானைமேல போறதுக்காக இல்லய்யா, 'கனக்குது'ன்னு வாய்விட்டுச் சொன்னாளே, அதுக்கு! அவ என் மக!" என்று மார்தட்டினான் ராஜா. அன்றுமுதல் கொன்றையூரில் ஊர்வலத்துக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளையும் கேட்பார்கள், "கனக்குதா, கண்ணு?" பிள்ளை பதில் சொல்லும்வரை யானை காத்து நிற்கும்.

கதையை ஊரெல்லாம் சொல்லுங்கள். சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்தத் தலைப்பாகையை மந்திரி வீட்டார் இன்னும் தேடுகிறார்கள்!