‘பழுது’ என்று ஒரு பலகை

விடை தெரிந்ததும் சிரிக்க வைக்கும் புதிர்கள் உண்டு. இது அந்த வகை இல்லை, கொஞ்சம் தலைகுனிய வைக்கும். கவனமாகக் கேளுங்கள். வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

தெற்குச் சீமையில் ஒரு பல்கலைக்கழகம். மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய, மாத உதவித்தொகையோடு அங்கே ஒரே ஓர் இடம் வந்தது. அந்த இடத்துக்காக நாலு வருடம் நடையாய் நடந்தவர் பேராசிரியர் திலகவதி. நேர்காணலுக்கு இருவர் தேறினார்கள். ஒருவன் கோவில்பட்டி முருகபூபதி. சின்ன வயதில் போலியோ வந்து ஊன்றுகோலில் நடப்பவன். வயது வரம்புப்படி இதுவே அவனுக்குக் கடைசி வருடம். இன்னொருத்தி சாத்தான்குளத்து ஜெபக்கனி, சக்கர நாற்காலியில் வருபவள். அவள் அனுப்பிய ஆய்வுத் திட்டத்தில் ஒரு வரி இருந்தது: ‘ஒருவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும் கட்டடம், அவரை உள்ளே விட்ட கட்டடம் ஆகாது.’ திலகவதி அதைச் சிவப்பு மையால் இருமுறை அடிக்கோடிட்டு, முதல் மதிப்பெண்ணும் போட்டிருந்தார்.

நேர்காணல் இரண்டாம் மாடியில். தரைத்தளத்திலும் ஒரு கூடம் உண்டு. ஆனால் குளிர்சாதனம் மேலேதான் இருந்தது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில். காலை ஒன்பதரைக்குத் துணைவேந்தர் குத்துவிளக்கு ஏற்ற வந்தார். அவரோடு மேலே வந்த திலகவதிக்கு முழங்கால் தேய்மானம் இருந்தும் அன்று வலி தெரியவில்லை. விளக்கை ஏற்றிவிட்டுத் துணைவேந்தர் பத்து மணிக்கெல்லாம் புறப்பட்டுவிட்டார்.

பதினொரு மணி நேர்காணலுக்கு இருவரும் வந்தபோது லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று ஒரு பலகை தொங்கியது. உதவியாளர் சுடலைமணி நான்கு காவலாளிகளைக் கூட்டி வந்தார். அவர்கள் முருகபூபதியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். நாற்பத்தாறு படி. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அறைக்குள் இறக்கியதும் முதல் வார்த்தையாக, “உங்களுக்கெல்லாம் சிரமம் குடுத்துட்டேன், மன்னிச்சிக்கிடுங்க” என்றான். பிறகு கேட்டதற்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னான்.

ஜெபக்கனி தூக்க விடவில்லை. குழுவினர் இறங்கி வந்தால் கீழேயே பதில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள். எல்லாவற்றையும் இங்கே பரப்பியாயிற்று, ஒருத்திக்காக எல்லாரும் இறங்குவதா என்றார்கள் வெளியூரிலிருந்து வந்த இரண்டு வல்லுநர்கள். ஒரு மணிக்குள் குழுவின் முன் வராதவர் வராதவரே என்பது விதி. தலைமை நாற்காலியில் இருந்த திலகவதி வாய் திறக்கவில்லை. மணி ஒன்று அடித்ததும் ஜெபக்கனியின் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதி, வல்லுநர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பாக்கி திலகவதியின் கையெழுத்து மட்டும்தான்.

அவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினார். பலகைக்கு அருகிலேயே இருந்தாள் ஜெபக்கனி. மடியில் சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடந்தது.

“தூக்குறதப் பத்தி நான் எழுதுனத நீங்க படிச்சீங்கல்ல மேடம்?”

படித்தேன் என்றார்.

“காலையில நீங்க எப்படி மேல போனீங்க?”

“படியேறித்தான்மா.”

சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. பக்கத்தில் நின்ற சுடலைமணி பலகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் திருகினார். கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது. பெரியவர்கள் வரும்போது பலகையைக் கழற்றுவதும், போனதும் மாட்டுவதும் அங்கே எட்டு வருட வழக்கம். மாணவர்கள் ஏறி இறங்கினால் கெட்டுவிடுமாம். முழங்காலைச் சொல்லித் திலகவதியும் அந்தச் சலுகையை வாங்கி வைத்திருந்தார்.

ஜெபக்கனி லிஃப்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். “சரி மேடம்” என்றாள். உள்ளே போகவில்லை.

இருபத்திரண்டு வருடம் இந்த உரிமையையே பாடமாக நடத்தியவருக்கு அங்கே நிற்க உடம்பு கூசியது. பலகை பொய் என்பது அவருக்கு எப்போதும் தெரியும். அதை நம்பி யார் கீழே நின்றுவிடுவார்கள் என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை.

நான்கு மணிக்குள் தாள் பதிவாளரிடம் போக வேண்டும். கையெழுத்துப் போட்டால் இடம் முருகபூபதிக்கு. போடாவிட்டால் அவன் பட்ட பாடு வீணாகிப் போகலாம். தூக்கச் சம்மதித்தான் ஒருவன், மறுத்தாள் ஒருத்தி, நேரம் கடந்தபின் மேலிடத்துக்குத் தெரியாமல் கதவைத் திறந்தார் ஒருவர்.

இதில் யார் செய்தது சரி? இடம் யாருக்கு?

விடை: மூவர்மேலும் பிழையில்லை. இருந்த ஒரே வழியில் போனான் முருகபூபதி. அது வழியே இல்லை என்றாள் ஜெபக்கனி. சுடலைமணி தாமதமாகவாவது திறந்தார். ஆனால் லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது என்பதை நீங்கள் முன்பே பிடித்திருந்தால், கேள்வியே தவறு என்பதும் விளங்கியிருக்கும். ஜெபக்கனி பத்தேமுக்காலுக்கே வந்துவிட்டவள். நாற்பத்தாறு படி இறங்கி வராதது குழுதான். அதனால் அன்று நடந்தது நேர்காணலே இல்லை, இடமும் அன்று யாருக்கும் இல்லை. திலகவதி ‘வரவில்லை’ என்பதை அடித்துவிட்டு எழுதினார்: ‘லிஃப்ட் பழுதில்லை. காலையில் நான் அதில்தான் மேலே வந்தேன். இருவருக்கும் தரைத்தளத்தில் மறுபடி நேர்காணல் நடத்த வேண்டும். முருகபூபதிக்கு வயது வரம்பு குறுக்கே வரக் கூடாது.’ கையெழுத்துப் போட்டு, பதிவாளரிடம் கொடுக்கும் முன் தாளை ஜெபக்கனியிடம் நீட்டினார். அவள் வாசித்து முடிக்கும்வரை அவரால் தலைநிமிர முடியவில்லை.